டாஷ்போர்டில் பச்சை டிக்கைப் பார்த்து டேட்டா கண்காணிப்புக்குப் பணம் கட்டாதீர்கள்

மருந்து மொத்த வியாபாரம், உதிரி பாகக் கடை, சூப்பர் மார்க்கெட் என்று ஆயிரக்கணக்கான ஐட்டங்களை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் இணையம் வழியாக ஓடும் புது கிளவுட் பில்லிங்குக்கு மாறப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் மருந்து மொத்த வியாபாரத்துக்கு அதை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். இதே பேச்சைப் பேசுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்பதால் பெயர் பெரிய விஷயமும் இல்லை.

கொட்டேஷனில் தனியாக ஒரு வரி இருந்தது: "தினசரி டேட்டா தரக் கண்காணிப்பு, தானியங்கிச் சோதனையுடன்". அதற்கு மாதக் கட்டணமும் தனி. டெமோவில் ஒரு டாஷ்போர்டு காட்டினார்கள், ஒவ்வொரு மருந்து கம்பெனிக்கும் ஒரு வரி, எதிரே பச்சை டிக். கம்பெனிகள் அனுப்பும் இன்வாய்ஸ் ஃபைல்கள் ராத்திரியே தானாக ஏறிவிடும், தப்பு இருந்தால் டிக் சிவப்பாகும், கடை திறப்பதற்குள் மெசேஜ் வந்துவிடும் என்றார்கள். அப்பாவும் தலையாட்டினார்.

டிக் எல்லா நாளும் பச்சையாகத்தான் இருந்தது.

குடோனில் எக்ஸ்பயரி சரக்கைப் பிரிக்கிற பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். சிஸ்டம் கொடுத்த பட்டியலில் ஒரு மாத்திரை இந்த வருடம் மே 28-ஆம் தேதி காலாவதி என்று இருக்கிறது, கையில் இருக்கும் ஸ்ட்ரிப்பில் 05/28. அதாவது 2028 மே. பட்டியல் முழுக்க எடுத்துப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் எல்லாச் சரக்கும் 26, 27, 28 ஆகிய தேதிகளில்தான் காலாவதி ஆகிறது, அதுவும் அத்தனையும் இதே வருடத்தில். 02/28 போட்ட நல்ல சரக்கைக் காலாவதி என்று சொல்லி பில் போடவே விடவில்லை. கவுண்டரில் இருந்தவர் சிஸ்டம் சொன்னபடி "ஸ்டாக் இல்லை" என்று கடைக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பக்கத்துத் தெரு ஸ்டாக்கிஸ்டுக்கு நல்ல வியாபாரம்.

அதே கம்பெனியில் 23E05 என்று நடுவில் ஆங்கில எழுத்து வருகிற பேட்ச் எண், எங்கள் பில்லில் 2300000 ஆகியிருந்தது. மருந்து மொத்த விற்பனை பில்லில் பேட்ச் எண் இருந்தாக வேண்டும் என்பது 1945-ஆம் வருட மருந்து விதிகளிலேயே இருக்கிறது. நாளைக்கு ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொன்னால் யாருக்குக் கொடுத்தோம் என்று எதை வைத்துத் தேடுவது?

காரணம் பிறகு தெரிந்தது. அந்த ஃபைல் நேராக ஏறவில்லை, அவர்கள் ஆள் ஒருவர் அமெரிக்க செட்டிங்கில் இருந்த எக்செல்லில் திறந்து சேமித்து, அப்புறம் ஏற்றியிருக்கிறார். எக்செல் 05/28-ஐ மே 28 என்று எடுத்துக்கொள்ளும், 23E05-ஐ 23-க்குப் பின்னால் ஐந்து பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். இந்தத் தொல்லை புதிதல்ல, எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்றியதாக 2020-ல் அறிவித்தார்கள். ஆனால் தானியங்கி என்று காசு வாங்கிவிட்டு நடுவில் ஓர் ஆளை உட்கார வைத்ததை என்ன சொல்வது?

இன்னொரு கம்பெனி ஃபைலில் பத்திகளின் வரிசையை மாற்றியது, எம்ஆர்பி பிடிஆர் (கடைக்காரருக்கு நாங்கள் கொடுக்கிற விலை) இடத்திலும் பிடிஆர் எம்ஆர்பி இடத்திலும் போய் உட்கார்ந்தது. கடைக்காரருக்குக் கொடுக்கிற விலை எம்ஆர்பியைத் தாண்டவே தாண்டாது என்பது எங்கள் கடையில் டீ வாங்கி வருகிற பையனுக்கும் தெரியும். ஒரே ஒரு வரி சோதனை இருந்தால் அன்றைக்கு ராத்திரியே மாட்டியிருக்கும். டிக் பச்சை.

புகார் கொடுத்தால் "எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை, சோர்ஸ் ஃபைலில் தவறு" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். கடைசியில் அவர்களின் இன்ஜினியர் ஒருவர்தான் போனில் உண்மையைச் சொன்னார். ஃபைல் ஏறும் வேலை எரர் இல்லாமல் முடிந்தது என்பதுதான் அந்த டிக்குக்கு அர்த்தமாம். கவர் வந்து சேர்ந்தது என்று தபால்காரர் சொல்கிற மாதிரி, உள்ளே செக் இருக்கிறதா வெற்றுத் தாளா என்பது அவருக்குத் தெரியாது. ஃபைல் வராத நாளில் முந்தைய நாள் டிக்கே அப்படியே நிற்குமாம். உள்ளே இருப்பதைச் சோதிப்பது வேறு மாட்யூல், அதற்குத் தனிக் கட்டணம். அப்படியானால் இத்தனை மாதமாக எதற்குப் பணம் வாங்கினார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

பெரிய இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா உறுதியானவர்களில் 15,841 பேர் தினசரிக் கணக்கில் விட்டுப்போனார்கள், பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது என்பதால். அனுப்பியது எத்தனை வரி, ஏறியது எத்தனை வரி என்று ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இப்போது தங்கை மகன் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராமை ஓட்டுகிறோம். ஃபைல் முதலில் தனி இடத்தில் இறங்கும். வரி எண்ணிக்கை சரியா, கூட்டல் இன்வாய்ஸ் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா, பிடிஆர் எம்ஆர்பிக்குள் இருக்கிறதா, எக்ஸ்பயரி இன்வாய்ஸ் தேதிக்குப் பிறகா என்று பார்த்துவிட்டுத்தான் பில் போடுகிற சிஸ்டத்துக்குப் போகும், இல்லையென்றால் அங்கேயே நிற்கும். வழக்கமாக வருகிற ஃபைல் வரவில்லை என்றாலும் மெசேஜ் வரும். கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ், டிபிடி போன்ற இலவசக் கருவிகளும் இதைச் செய்யும். ஆனால் எந்தக் கருவிக்கும் விதிகளைச் சொல்ல வேண்டியவர் கவுண்டரில் பல வருடம் நின்றவர், அவரை எங்கள் வெண்டர் ஒருநாள்கூட உட்கார வைத்துப் பேசவில்லை.

டெமோவில் அவர்கள் ஃபைலைப் பார்க்காதீர்கள், உங்கள் ஃபைலைக் கொடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு விலையை இடம் மாற்றுங்கள், பத்து வரியை நீக்குங்கள், ஒரு தேதியைக் கெடுங்கள், என்ன செய்தீர்கள் என்று வாயைத் திறக்காதீர்கள். டிக் சிவப்பாகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு டிக்கும் எதைச் சோதிக்கிறது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும் சார்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கண்காணிப்புக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அடுத்த வருட ஏஎம்சியில் (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில்) கழித்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது.