பனிப்புயலுக்கு இரண்டு கட்டப் பனிவாரி இயந்திரம்

24 அங்குல அகலம், பெட்ரோல் எஞ்சின். முன்னால் உள்ள திருகு பனியை அள்ளும், பின்னால் உள்ள விசிறி அதைக் குழாய் வழியே வீசும்; அதுதான் இரண்டு கட்டம். பொடிப்பனியைத் தவிடு மாதிரி ஊதித் தள்ளுகிறது. உண்மையான சோதனை ஈரப்பனியில்தான்: எஞ்சின் வேகம் குறைந்தால் வெளியேற்றும் குழாய் அடைத்துக்கொள்ளும். எஞ்சினை முழு வேகத்தில் விட்டு, மெல்ல நகர்த்தி, பாதி அகலம் மட்டும் அள்ளவும். அடைப்பெடுக்க எஞ்சினை அணைத்துவிட்டு, கூட வரும் குச்சியால்தான் குத்த வேண்டும். அணைத்த பிறகும் விசிறியில் விசை தேங்கி நிற்கலாம். கை வைத்தால் விரல் போகும்.

பனிக்கட்டியில் மோதினால் திருகைத் தண்டோடு பிணைக்கும் வெட்டு ஊசி (shear pin) முறியும். முறியத்தான் அதை வைத்திருக்கிறார்கள், கியர்பெட்டி தப்ப. கடினமான போல்ட் போட்டு ஒப்பேற்றினால் கியர்பெட்டியே காலி. உபரி ஊசி இரண்டுதான் தருகிறார்கள், கஞ்சத்தனம்!

புயல் ஓயும்வரை காத்திராமல் 15 செ.மீ. சேரும்போதே ஒரு சுற்று ஓட்டவும். பருவம் முடிந்ததும் பெட்ரோலை வடிக்காவிட்டால் கார்புரேட்டர் பிசுபிசுத்து அடைக்கும்.