எண்ணும் எழுத்தும்: மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் இந்தப் புத்தகம் எவ்வளவு கைகொடுக்கும்?

தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளிகளில் வழக்கம் இதுதான்: ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஓர் ஆசிரியரிடம், நான்கும் ஐந்தும் இன்னொருவரிடம். அப்படி ஓரறையில் மூன்று வகுப்பையும் வைத்து நடத்தும் ஆசிரியரை மனதில் வைத்தே, தமிழக அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்களையும் ஆசிரியர் கையேட்டையும் இங்கே மதிப்பிடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பல நிலைப் பிள்ளைகளுக்காக நம் பள்ளிகளுக்கு வந்தவற்றில் உடனே கையில் எடுத்து நடத்தத் தோதானது இதுதான். ஆனால் புத்தகத்தை மட்டும் நம்பி நடத்தினால் மூன்றாவது மாதத்தில் சறுக்கும்.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் இந்தத் திட்டம் தொடங்கப்பட்டது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. தேவை எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு இந்த நூல்களை எடை போட முடியாது. 2020-21 கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, கொரோனாவால் பள்ளி மூடியிருந்ததால் 2021 நவம்பர் 1 அன்றுதான் வகுப்பறைக்குள் உட்கார்ந்தது. 2022-ல் அது மூன்றாம் வகுப்பு. பள்ளியில் இருந்தது ஏழு மாதம்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பாடநூலைக் கொடுத்து என்ன பயன்? 2023-24 முதல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் திட்டம் நீண்டது.

அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். அரும்பு ஒன்றாம் வகுப்புக்குரிய நிலை, மொட்டு இரண்டு, மலர் மூன்று. பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலை என்பதே இங்கே முக்கியம். பெயரைத் தேர்ந்தவர்களைப் பாராட்ட வேண்டும். மூன்றும் ஒரே பூவின் பருவங்கள். தாழ்ந்தது என்று எதையும் சொல்ல முடியாது. "மெல்லக் கற்போர்" என்று முத்திரை குத்திய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

இதற்கு முன் வந்த செயல்வழிக் கற்றலோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணிப்படி, சின்னம் போட்ட அட்டைகள், தட்டுகள், பாய், பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், பிள்ளைகளே எழுதும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை எல்லாம் அதன் கொடை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம். தனித்தன்மைக்கு மதிப்பு கொடுத்ததில் அதற்கு இணை இல்லை. சிக்கல் நடைமுறையில் வந்தது. முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நின்றால், ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராகவே ஆகிவிடுவார். ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியே நின்றுபோகும். எண்ணும் எழுத்தும் முப்பது படியை மூன்றாகச் சுருக்கியது. இழப்பும் உண்டு, ஆனால் ஒருவரால் நடத்த முடிகிறது. பழைய கீழ்மட்டக் கரும்பலகை உங்கள் பள்ளியில் இருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிடாதீர்கள். ஆளுக்கொரு கட்டம் பிரித்துப் பெயர் எழுதிவிட்டால், யார் எந்த எழுத்தில் தடுமாறுகிறார் என்பது நின்ற இடத்திலிருந்தே தெரியும். பயிற்சி நூலில் அது தெரியாது. வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நடத்துவது எப்படி? ஒன்றரை மணி நேரப் பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 நிமிடம் எல்லோருக்கும் பொது: பாடல், கதை, வாய்மொழிக் கேள்வி. அடுத்த 25 நிமிடம் ஆசிரியர் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். அதற்கடுத்த 25 மொட்டுக்கு, 20 மலருக்கு, கடைசி 10 நிமிடம் நோட்டுப் பார்க்க. அரும்பை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆசிரியர் இல்லாமல் ஓர் அடியும் நகர முடியாதவர்கள் அவர்கள்தான். கடைசிக்குத் தள்ளினால் நேரம் அவர்கள் பங்கில்தான் குறையும், ஒவ்வொரு நாளும்.

பெரும்பாலான வகுப்புகள் உடையும் இடம் ஒன்றே ஒன்று. ஆசிரியர் அரும்போடு இருக்கும்போது மலருக்குப் புதிய பக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். புதிய பக்கம் என்றால் புதிய சந்தேகம். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் எழுந்து வருவார். அரும்புக் குழு சிதறிப்போகும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத குழுவுக்கு நேற்று நடத்தியதை மட்டுமே கொடுக்க வேண்டும், அதுவும் 20 நிமிடத்துக்குக் குறையாத அளவுக்கு. பயிற்சி நூலின் ஒரு பக்கம் வேகமான பிள்ளைக்கு எட்டு நிமிடம்கூட வராது. எனவே பக்கம் முடிந்தபின் செய்ய வேண்டியதைப் பலகையில் முன்பே எழுதிவையுங்கள்: அதே கதையில் வரும் செயல் சொற்களை எடுத்து எழுது, இதே போல ஐந்து கணக்கை நீயே உருவாக்கு. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருவரைக் கேட்டபிறகே ஆசிரியரிடம் வரலாம் என்று முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள்.

தமிழ், கணக்கு, ஆங்கிலம் என்ற மூன்று பகுதிகளில் தமிழ்ப் பகுதியே சிறந்தது. வரியை எழுத்தாக உடைப்பதற்கு முன் படமும் ஓசையும் வருகின்றன. இருந்தாலும் இரண்டு இடங்களில் நூலுக்கு வெளியே கூடுதல் வேலை தேவை. முதலாவது துணைக்காலும் ரகரமும். அச்சில் இரண்டும் நெருங்கி இருப்பதால் "பாரம்" என்ற சொல்லில் எது கால், எது ர என்று தெரியாமல் பிள்ளை நிற்கும். ர எழுதும்போது கீழே வரும் சாய்கோட்டை அழுத்தி இழுக்கச் சொல்லி, மார், பார், காரம், தாரம் போன்ற சொற்களில் காலை மட்டும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதி மூன்று நாள் படிக்கவைத்தால் தீரும். இரண்டாவது கொ, கோ வரிசை. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஓசை என்பதைச் சொல்லாமல் விட்டால், "கொடி" என்பதைக் "கெ... டி" என்று கூட்டிப் படித்துவிட்டுப் பொருள் புரியாமல் விழிக்கும். எழுத்தட்டையை மூன்று துண்டாக வெட்டி, கொம்பையும் காலையும் இருபுறமும் ஒரே நேரத்தில் நகர்த்திச் சேர்த்துக் காட்டுங்கள். பலகையில் விளக்குவதைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

கணக்கில் நூலின் குறையே வேறு. குச்சிக்கட்டுப் படங்கள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் படத்திலுள்ள கட்டை அவிழ்க்க முடியாது. 42−17 என்ற கணக்குக்கு 35 என்று விடை வந்தால் அது கவனக்குறைவு அன்று. சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்று கேட்டுப் பழகிய பிள்ளை, 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தும் அப்படியேதான் வரும். இருவருக்கு 50 ஈர்க்குச்சி, ஐந்து ரப்பர் பேண்ட் போதும். நான்கு கட்டும் இரண்டு குச்சியும் வைத்து, ஒரு கட்டை அவிழ்த்து 12 ஆக்கி, 7 எடுக்கச் சொல்லுங்கள். அவிழ்த்த கை மறப்பதில்லை. குறைந்தது ஒரு வாரம் குச்சி இல்லாமல் கழித்தல் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

எண்பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொண்ணூற்று ஒன்று என்ற சொல்லுக்குள் "நூற்று" ஒலிப்பதால் 901 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. 90-ஐ ஒன்பது கட்டாகக் காட்டி, "ஒன்பது பத்து, ஒன்று" என்று சொல்லவைத்த பிறகு வழக்குப் பெயருக்கு வருவது நல்லது.

ஆங்கிலப் பகுதி ஆசிரியரின் பேச்சையே பெரிதும் நம்பியிருக்கிறது. பாடல்களும் கட்டளைச் சொற்களும் நன்றாக ஓடும். வாசிப்புக்குக் கூடுதல் கதைப் புத்தகம் இல்லாமல் போதாது.

நிலை பிரிப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பாடவாரியாகப் பிரிக்காமல் ஒரு பிள்ளைக்கு ஒரே நிலை என்று எழுதிவிடுவது மிகத் தவறு. திருப்பூர்ப் பக்கம் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கும் இதே நிலை. கணக்கு நூலின் வாக்கியக் கணக்குகள் தமிழ் படிக்கத் தெரிந்தவர்க்கே ஆனவை. அதில் தோற்றால் கணக்கு தெரியவில்லை என்று பொருளில்லை. கேள்வியை வாய்விட்டுப் படித்துக் காட்டி, தேவைப்பட்டால் நடித்தும் காட்டி, விடையை எண்ணில் வாங்குங்கள். அந்தப் பிள்ளையின் மொழியில் ஒன்று முதல் பத்து வரை வகுப்பு முழுதும் கற்றுக்கொண்டால், ஒரு வாரத்தில் அது பேசத் தொடங்கிவிடும்.

மலர்ப் பிள்ளையை அரும்புக்குத் துணையாக உட்காரவைப்பது நல்ல உத்திதான், ஆனால் அளவு வேண்டும். ஒரே பிள்ளையை நாள்தோறும் உட்காரவைத்தால் அதன் படிப்பு நின்றுவிடும். வாரம் இரண்டு நாள், 15 நிமிடம், ஆள் மாற்றி. விடையைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. எழுத்தைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று சொல்லிவையுங்கள்.

ஆசிரியரின் கைப்பேசிச் செயலியில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சோதிக்கும் மதிப்பீடுதான் இந்தத் திட்டத்தில் மிகப் பலவீனமான பகுதி. 30 பிள்ளைகள், மூன்று பாடம், ஆளுக்கு நான்கு நிமிடம் என்றாலே ஆறு மணி நேரம். ஒரு முழுப் பள்ளி நாள் கைப்பேசிக்குப் போய்விடும். இணைப்பு அறுந்தால் இன்னும் கூடும். நான்கு விடையில் ஒன்றைத் தொடும் கேள்வியில் கண்ணை மூடித் தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாகும். எனவே செயலியின் மதிப்பெண்ணை வைத்து மட்டும் பிள்ளையை நிலை மாற்ற வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டில், நாளுக்கு ஐந்து பிள்ளை வீதம், ஐந்து சொல் படிக்கவைத்து, இரண்டு கணக்கு போடவைத்து, எங்கே தடுமாறியது என்பதை ஒரு வரி எழுதுங்கள். "42−17: சிறியதைக் கழிக்கிறான்" என்ற வரி, எந்தச் சதவீதத்தைவிடவும் மறுநாள் பாடத்துக்கு உதவும். ஆறு வேலை நாளில் முப்பது பேரும் முடிந்துவிடுவார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நூல்கள் விலையில்லாமல் கிடைக்கின்றன. கையேட்டைப் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பு ஆசிரியர்களும், மாலை நேரத்தில் பாடம் சொல்லும் தன்னார்வலர்களும் அதைப் படிப்பது நல்லது. கையேட்டின் செயல்பாடுகளை அப்படியே வரிசையாக நடத்த வேண்டாம். அந்த வாரம் உங்கள் நோட்டில் அதிகம் பதிவான தடுமாற்றம் எதுவோ, அதற்குரிய செயல்பாட்டைத் தேடி எடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் ஈர்க்குச்சி, ரப்பர் பேண்ட், எழுத்தட்டை வெட்டப் பழைய நாட்காட்டி, கோடு போட்ட நோட்டு ஆகிய நான்கையும் தயார் செய்துவிட்டு நூலைத் திறந்தால், முதல் பருவம் தடையில்லாமல் போகும்.