உபுண்டு 24.04 பீட்டா: எது ஓடும், எது உடையும்?

நோபிள் நம்பாட் என்று பெயரிடப்பட்ட உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம், 2024 ஏப்ரல் 25 அன்று முழு வெளியீடாக வந்தது. அதற்கு முன் சோதனைக்காக வந்த பீட்டாவைப் பற்றி அந்த நேரத்தில் எழுதிய குறிப்பு இது. 24.04, 2029 வரை வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு (எல்டிஎஸ்). முந்தைய நீண்டகாலப் பதிப்பான 22.04-ஐ அப்போது இரண்டு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அடுத்து வந்து சேரும் இடமும் இதுதான். ஆகவே பீட்டாவைப் புதுமை பார்க்கும் ஆசையில் திறப்பதைவிட, நம் பழைய மென்பொருள், பைத்தான் நிரல், கிராஃபிக்ஸ் கார்டு, தமிழ்த் தட்டச்சு எல்லாம் இதில் ஓடுமா என்று உரசிப் பார்க்கப் பயன்படுத்தினால் பலன் அதிகம். அதற்கு இந்தப் பீட்டா தாராளமாகப் போதும். தினமும் பிழைப்புக்கு நம்பியிருக்கும் கணினியில் மட்டும் பீட்டாவை ஏற்ற வேண்டாம்.

பீட்டா ஏப்ரல் 4 அன்று வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவி காரணம். மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே உள்நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதைத் துருவிக்கொண்டு போய், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ புழக்கடைக் கதவு (ரகசிய நுழைவழி) வைத்திருப்பதைக் கண்டுபிடித்து அறிவித்தார். உபுண்டுவில் அந்தப் பதிப்பு 'புரப்போஸ்ட்' என்ற சோதனைக் களஞ்சியத்தைத் தாண்டி வந்திருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதிப்பு இருந்த கணினிகளில் தொகுக்கப்பட்ட மற்ற பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) எப்படி நம்புவது? அந்த நிரல் உள்ளே நுழைந்த பிப்ரவரி 26-க்குப் பிறகு தொகுத்த எல்லாவற்றையும் தூக்கியெறிந்துவிட்டு, புதிதாக அமைத்த கணினிகளில் மறுபடி தொகுத்தார்கள். ஒரு வாரத் தாமதத்துக்கு இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது. இப்போது பேக்கேஜ் பட்டியலில் எக்ஸ்இசட்டின் எண் '5.6.1+ரியலி5.4.5' என்று விசித்திரமாகத் தெரியும். பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது பழைய 5.4.5. எண்ணைக் கீழே இறக்கினால், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் அதை மேம்படுத்தலாக ஏற்காது என்பதால் முன்னால் அப்படி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

இறக்குவதும் ஏற்றுவதும்

நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பு 6 ஜிபிக்குப் பக்கத்தில் வரும். 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். இறக்கிய பின், கோப்பு பழுதில்லை என்று காட்டும் ஷா256 கூட்டுத்தொகையைக் கட்டாயம் சரிபாருங்கள். பாதியில் துண்டித்துத் தொடர்ந்த பெரிய கோப்புகளில் வரும் பழுது, இன்ஸ்டாலரின் கோளாறு போலவே வேடம் போடும். கணினிக்கு 4 ஜிபி நினைவகம், 25 ஜிபி வட்டு என்பது குறைந்தபட்சக் கணக்கு. 4 ஜிபியில் ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் சேர்த்துத் திறந்தால் திணறும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் நிரலில்) பார்ப்பதுதான் ஆபத்தில்லாத வழி. ஆனால் வைஃபை, ப்ளூடூத், மடிக்கணினியை மூடினால் உறங்கி எழுவது, கிராஃபிக்ஸ் கார்டு ஆகிய முக்கியமான எதையும் அதில் சோதிக்க முடியாது. பென்டிரைவிலிருந்து லைவாக (நிறுவாமலே) ஓட்டினால் இவற்றில் பாதியைப் பார்க்கலாம். முழுவதும் பார்க்க வேண்டுமென்றால் தனி எஸ்எஸ்டி ஒன்றில் நிறுவ வேண்டும்.

ஏற்கெனவே உபுண்டு இருக்கும் வட்டிலேயே பக்கத்துப் பார்ட்டிஷனில் பீட்டாவைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு உபுண்டுகளுமே, கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'உபுண்டு' என்ற ஒரே கோப்புறையைத்தான் பயன்படுத்தும். பின்னால் வந்தது, முன்னதன் பூட்லோடரான (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலான) க்ரப்பின் அமைப்பின் மேல் எழுதிவிடும். அதன் பிறகு பழைய உபுண்டு பூட் ஆவது பீட்டாவின் க்ரப்பை நம்பித்தான். நாளை பீட்டாவை அழித்தால் பழையதும் பூட் ஆகாமல் போகும். வேறு எஸ்எஸ்டி என்றாலும், நிறுவும் நேரத்தில் பழைய வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. முடியாவிட்டால், பூட்லோடரை எந்த வட்டில் வைப்பது என்று இன்ஸ்டாலர் கேட்கும் இடத்தில் புது வட்டைத் தேர்ந்தெடுங்கள். நிறுவிய பின் விண்டோஸ் மெனுவில் வரவில்லையென்றால், க்ரப் அமைப்புக் கோப்பில், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபரை அனுமதித்துவிட்டு அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்ட வேண்டும்.

உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைப் பழைய பதிப்போடு பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள். புதிய பதிப்பு தொட்ட ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் புரொஃபைல்களைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கலாம்.

இதற்கு முந்தைய 23.10-இலிருந்து பீட்டாவுக்கு மேம்படுத்தலாமா? பீட்டா நிலையில் வேண்டாம். 32 பிட் ஆர்ம் கருவிகளில் 2038 ஜனவரி 19-க்குப் பிறகு நேரம் தாறுமாறாகாமல் இருக்க, நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டாக மாற்றியிருக்கிறார்கள். இதனால் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் 'டி64' என்ற வால் சேர்ந்திருக்கிறது. நம் இன்டெல், ஏஎம்டி கணினிகளிலும் பெயர் மாற்றம் உண்டு. பழைய பெயரும் புதுப் பெயரும் மோதும்போது ஆப்ட், சமாதானம் செய்கிறேன் என்று தேவையான பேக்கேஜ்களையே நீக்கப் பார்க்கும். புதிதாக நிறுவினால் இந்தச் சிக்கல் வராது. 22.04-இல் இருந்தவர்களுக்கு, 2024 ஆகஸ்டில் வந்த 24.04.1 வரை பொறுத்திருப்பதே முறை.

இன்ஸ்டாலர்

ஃப்ளட்டர் என்ற நிரல் கருவியில் எழுதிய இன்ஸ்டாலர் முதன்முறையாக ஒரு நீண்டகாலப் பதிப்பில் வருகிறது. ஓட்டம் தெளிவாக இருக்கிறது. மொழி கேட்டதுமே அணுகல் வசதிகளுக்கான பக்கம் வந்துவிடுகிறது. திரைவாசிப்பான் தேவைப்படுபவர் நிறுவி முடிக்கும் வரை தவிக்க வேண்டியதில்லை. மென்பொருள் தேர்வில், முன்னிருப்பாக இருப்பது சிறிய தொகுப்பு. லிப்ரே ஆஃபீஸ், தண்டர்பேர்ட் எல்லாம் வேண்டுமென்றால் விரிவான தொகுப்பை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டு "ஆஃபீஸ் காணோம்" என்று தேடுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

தானியங்கி நிறுவல் இப்போது டெஸ்க்டாப்பிலும் வந்திருக்கிறது. நிறுவல் அமைப்புகளை ஒரு யாமல் உரைக்கோப்பில் எழுதி அதன் முகவரியைக் கொடுத்தால் போதும். பள்ளி ஆய்வகம் போல முப்பது கணினிகளுக்கு ஒரே மாதிரி நிறுவ வேண்டியவர்களுக்கு இந்த வெளியீட்டிலேயே மிகப் பெரிய பரிசு இதுதான் என்பது எங்கள் கருத்து. சோதிக்கும்போது வட்டுப் பகுதியை மட்டும் இருமுறை படியுங்கள். தவறான வட்டைக் குறிப்பிட்டிருந்தால் அதை அழித்துவிடும்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, குறியாக்கத்தோடும் இல்லாமலும், பட்டியலில் இருக்கிறது. சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பை நம்பிய முழு வட்டுக் குறியாக்கம் 'சோதனை நிலை' என்ற எச்சரிக்கையோடு வருகிறது, அந்த எச்சரிக்கை உண்மையானது. செக்யூர் பூட் இயங்க வேண்டும். கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) ஸ்னாப்பாக (உபுண்டுவின் புதுவகைப் பேக்கேஜாக) வரும் என்பதால் என்விடியா போன்ற வெளி டிரைவர்களுக்கு இடமில்லை. முயன்று பார்ப்பவர்கள் முதல் வேலையாக 'ஸ்னாப் ரெக்கவரி' கட்டளையில் 'ஷோ-கீஸ்' சேர்த்து மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பயாஸ் மேம்படுத்திய மறுநாள் அந்தச் சாவி இல்லாவிட்டால் வட்டு திறக்காமல் போகலாம்.

டெஸ்க்டாப்

டெஸ்க்டாப் சூழல் க்னோம் 46, கெர்னல் 6.8. கோப்பு மேலாளரில் தேடல் மேம்பட்டிருக்கிறது, ஒன்டிரைவ் இணைப்பு சேர்ந்திருக்கிறது, யாரும் உள்நுழையாத கணினிக்கும் தொலைவிலிருந்து ஆர்டிபியில் நுழையலாம். சீஸ் கேமரா செயலி போய் ஸ்னாப்ஷாட் வந்திருக்கிறது. ஃபர்ம்வேர் மேம்படுத்த தனிச் செயலி உண்டு. திரையில் காட்டும் முறைகளில் வேலேண்டுதான் முன்னிருப்பு. என்விடியா கார்டு இருந்தால் மட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் திறக்கும். திரைப் பகிர்வு செயலிகள் சரியாக ஓடுகின்றனவா என்பதை இரண்டிலும் தனித்தனியே பார்த்துவிடுங்கள்.

உடையும் இடங்கள்

பதிப்பை மாற்றும் எல்லோரையும் ஏதோ ஒரு வகையில் தொடப்போகும் பகுதி இது.

முதலாவது, நிரல்களின் உரிமைகளை வரையறுக்கும் ஆப்பார்மரின் கட்டுப்பாடு. சாதாரணப் பயனரின் நிரல்கள் தனக்கென யூசர் நேம்ஸ்பேஸ் (தனி உரிமைகள் கொண்ட வட்டம்) உண்டாக்குவதை இந்தப் பதிப்பு கட்டுப்படுத்துகிறது. கெர்னலில் உரிமை உயர்த்தும் தாக்குதல்கள் பல இந்த வழியாக நுழைந்தவை என்பதால் முடிவு சரியானது. ஆனால் குரோமியம் உலாவியும் அதன்மேல் கட்டிய எலெக்ட்ரான் செயலிகளும் தங்கள் சாண்ட்பாக்ஸுக்கு (நிரலை அடைத்து ஓட்டும் பாதுகாப்புக்கு) இதையே நம்பியிருக்கின்றன. குரோம், விஎஸ் கோட் போன்ற பிரபலமானவற்றுக்கு உபுண்டுவே அனுமதிக் கோப்புகளை வைத்திருக்கிறது. அவை வழக்கமான பாதையில் நிறுவப்பட்டிருந்தால்தான் பொருந்தும். அதே செயலியை டார் கோப்பாக இறக்கி ஹோமில் விரித்தாலோ, நிறுவாமல் ஒற்றைக் கோப்பாக ஓடும் ஆப்இமேஜாக ஓட்டினாலோ, சாண்ட்பாக்ஸ் உதவி நிரல் சரியாக அமைக்கப்படவில்லை என்ற பிழையோடு விழும். இதற்கு 'நோ-சாண்ட்பாக்ஸ்' சேர்த்து ஓட்டுங்கள் என்று பலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். செயலியின் சொந்தப் பாதுகாப்பையே கழற்றி வைப்பது அது. சரியான வழி, ஈடிசியில் ஆப்பார்மர்.டி கோப்புறைக்குள் அந்தச் செயலியின் முழுப் பாதையைக் கொடுத்து, அன்கன்ஃபைன்ட் என்ற குறியோடு 'யூசர்என்எஸ்' என்ற ஒற்றை அனுமதி உள்ள கோப்பு ஒன்றை எழுதி, ஆப்பார்மரை ரீலோட் செய்வது. ஐந்தாறு வரி வேலை.

ஆப்இமேஜுக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. அவற்றில் பல எதிர்பார்க்கும் ஃபியூஸ் 2 லைப்ரரி முன்னிருப்பில் இல்லை. 'லிப்ஃபியூஸ்2' என்று தேடிப் பழகியவர்கள் இனி அதன் பின்னால் டி64 சேர்த்துக் கேட்க வேண்டும். 'ஃபியூஸ்' என்ற பேக்கேஜை மட்டும் நிறுவிவிடாதீர்கள். அது டெஸ்க்டாப்புக்குத் தேவையான ஃபியூஸ்3-ஐ வெளியேற்றிவிடும். ஒலிக்கான லிபசவுண்ட்2-உம் இப்படித்தான். பழைய பெயரில் நிறுவச் சொன்னால், இது மெய்நிகர் பேக்கேஜ், எதைத் தருவது என்று ஆப்ட் திருப்பிக் கேட்கும்.

உபுண்டுவின் வழக்கமான பேக்கேஜ் வடிவமான டெப் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. புதிய ஆப் சென்டர் ஸ்னாப்களை முன்னிறுத்துகிறது. களஞ்சிய டெப்களைத் தேடல் வடிகட்டியை மாற்றித்தான் பார்க்க வேண்டும். பீட்டாவில், இறக்கி வைத்த டெப்பை நிறுவ அதற்குத் தெரியாது. டெர்மினலில் ஆப்ட் இன்ஸ்டால் என்று கொடுத்து, கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் வைக்க வேண்டும். அந்தச் சாய்கோடு இல்லாவிட்டால் களஞ்சியத்தில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். புதிய பயனரின் கையில் கொடுக்கும் பதிப்பில் இந்தக் குறை இருக்கவே கூடாது. முழு வெளியீட்டுக்குள் சரியாக வேண்டும் என்று விரும்பினோம்.

தண்டர்பேர்ட் ஸ்னாப்பாக மாறிவிட்டது. பழைய புரொஃபைலைத் தன் கோப்புறைக்குள் இழுத்துக்கொள்ளும். பல ஜிபி மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் ஹோமில் உள்ள அதன் மறைகோப்புறையை முன்னதாக நகலெடுத்துவிடுங்கள்.

22.04-இலிருந்து வருபவர்களுக்குப் பைத்தான் 3.12 அதிர்ச்சி தரும். பேக்கேஜ் கட்ட உதவிய பழைய டிஸ்ட்யூட்டில்ஸ் அடியோடு போய்விட்டது. பைத்தான் பேக்கேஜ்களை ஏற்றும் பிப் நேரடியாக நிறுவ மறுக்கும், வெர்ச்சுவல் என்விரான்மென்ட் அல்லது பிப்எக்ஸ் வேண்டும். இணைப்பைக் குறியாக்கும் பழைய முறைகளான டிஎல்எஸ் 1.0-உம் 1.1-உம் கட்டாயமாக முடக்கப்பட்டிருப்பதால், அலுவலகத்தின் பழைய உள்தளமோ அச்சுப்பொறியின் பழைய ஸ்கேன்-டு-மெயிலோ இணைப்பு மறுக்கப்பட்டால் அங்கே முதலில் பாருங்கள். களஞ்சியப் பட்டியல் பழைய சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் இல்லை. 'உபுண்டு.சோர்சஸ்' என்ற கோப்புக்குப் போய்விட்டது, வடிவமும் வேறு. பழைய கோப்பைத் திருத்தும் ஸ்கிரிப்ட்கள் பிழை காட்டாமலே தோற்கும்.

தமிழ்த் தட்டச்சுக்கு, அமைப்புகளில் உள்ள தமிழ்99 விசைப்பலகை எழுத்துகளை மட்டும்தான் தரும். 'ம'வை இருமுறை அடித்தால் தானாகப் புள்ளி வரும் விதி அதில் வேலை செய்யாது. ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவி, வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் பட்டியலில் இன்னொரு தமிழ்99 தெரியும். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சூப்பர் விசையும் இடைவெளியும் மொழியை மாற்றும். வேலேண்டில் ஒருமுறை, ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸில் ஒருமுறை, எலெக்ட்ரான் செயலியில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். மூன்றும் உள்ளீட்டை வெவ்வேறு வழியில் வாங்குபவை.

கோளாறு கண்டால் உபுண்டு-பக் கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, உபுண்டுவின் பிழைப் பதிவுத் தளமான லாஞ்ச்பேடில் பதியுங்கள். தேவையான லாக்களை அதுவே சேர்த்துக்கொள்ளும். இன்ஸ்டாலர் பாதியில் நின்றால், மறுதொடக்கம் செய்யும் முன் வார்-லாக்-இன்ஸ்டாலர் கோப்புறையை இன்னொரு பென்டிரைவுக்கு நகலெடுங்கள். லைவ் அமர்வு அணைந்தால் அது போய்விடும். தமிழ் சார்ந்த பிழைகளை நம்மைத் தவிர வேறு யாரும் பதியப்போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பீட்டாவிலிருந்து முழு வெளியீட்டுக்கு வர மறுபடி நிறுவ வேண்டியதில்லை. ஆப்ட் அப்டேட், பின் ஃபுல்-அப்கிரேட். ஒப்புதல் கொடுக்கும் முன் 'நீக்கப்படும்' பட்டியலைப் படியுங்கள். உபுண்டு-டெஸ்க்டாப் என்ற பெயர் அதில் தென்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் கழித்து முயலுங்கள். புரப்போஸ்ட் களஞ்சியத்தை இயக்க வேண்டாம். எல்எஸ்பி-ரிலீஸ் கட்டளை பீட்டாவில் 'வளர்நிலைக் கிளை' என்று ஆங்கிலத்தில் காட்டும். அந்த வார்த்தை மறைந்து வெறும் 24.04 எல்டிஎஸ் என்று தெரியும் நாளில் உங்கள் கணினி முழு வெளியீட்டுக்கு வந்துவிட்டது.