ஸ்டாக்கிங்ஸா, கிரேப் பேண்டேஜா, தலையணையா?

முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதம், இடது கெண்டைக்காலில் பச்சையாக ஒன்று புடைத்து நெளிந்து கிடந்தது. “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்றார் அத்தை. உண்மையில் அது நரம்பு இல்லை, ரத்தத்தை மேலே ஏற்றும் சிரை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடும். புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சிரையின் சுவரைத் தளர்த்தும். வளரும் கர்ப்பப்பை வயிற்றுக்குள் ஓடும் பெரிய சிரைகளை அழுத்தும். அப்புறம் காலுக்கு இறங்கிய ரத்தம் எப்படிச் சுலபமாக ஏறும்?

அந்த முறை கிரேப் பேண்டேஜ் என்ற இழுபடும் துணிக்கட்டு, இரண்டாவது பிரசவத்துக்குக் காலை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸ் என்று இரண்டையும் பார்த்துவிட்டேன்.

பேண்டேஜ் மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், கால் வீங்கினால் அதற்கேற்பச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் அழுத்தம் முழுக்கச் சுற்றுகிறவர் கையில்தான். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு என்று இருக்க வேண்டும். எனக்குக் குனிய வயிறு விடாது. கணவர் சுற்றினால் முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது போல இறுகும், கணுக்காலில் தொளதொளக்கும். பத்து மணிக்குள் அவிழ்ந்து செருப்பில் கிடக்கும்.

ஸ்டாக்கிங்ஸில் அந்தக் கணக்கைத் துணியிலேயே நெய்துவிடுகிறார்கள். பி.பி. அளக்கும் அதே மி.மீ. பாதரச அளவில் 15-20, 20-30 என்று போட்டிருக்கும். எது வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். கால் வீங்குவதற்கு முன், காலையிலேயே, கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்க வேண்டும். மாட்டுவதும் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே. விரல் திறந்த வகை என்றால் பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதன்மேல் இழுத்துவிட்டு, பிறகு கவரை விரல் பக்கமாக உருவிவிடுங்கள், வழுக்கிக்கொண்டு ஏறும். மேல் விளிம்பை மடிக்கக் கூடாது. புடைப்பு இதனால் மறையாது. கனமும் வலியும்தான் குறையும். சித்திரை வெயிலில் கால் அவிந்துபோகும், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

தலையணைக்குச் செலவே இல்லை. நெஞ்சுக்கு மேலே கால் இருக்கும்படி கால் மணி நேரம் வைத்தால் சுகம். மாதம் ஏறியபின் மல்லாந்து வெகு நேரம் வேண்டாம், இடது பக்கம் ஒருக்களித்துக்கொள்ளலாம். பெரிய சிரை முதுகெலும்புக்கு வலப்பக்கம் ஓடுகிறது, அதன்மேல் பாரம் குறையும். ஆனால் எழுந்து நின்றால் பழைய கதைதான். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்குத் தலையணை மட்டும் போதாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று, கேட்டு வாங்குங்கள்.

என் ஓட்டு, நிற்கிற வேலைக்கு ஸ்டாக்கிங்ஸ், வீட்டில் இருப்பவர்களுக்குத் தலையணையும் நடையும். சிரையை மூடும் லேசர், ஊசியெல்லாம் கர்ப்பத்தின்போது வேண்டாம். பிரசவமாகிச் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே வற்றிவிடும். எனக்கு முக்கால்வாசி வற்றியது.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, சூடாக வலித்தால் எதையும் கட்டாதீர்கள், நீவியும் விடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108.

என் பழைய ஜோடியைத் தங்கச்சி கேட்டாள், தரவில்லை. அவள் கால் அளவு வேறு, எலாஸ்டிக்கும் எப்போதோ தளர்ந்துவிட்டது.