ஹெட் மாற்றியதாகச் சொல்லி 5,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்

5,200 ரூபாய். இன்று மதியம் மூன்று வெள்ளைத்தாள் செலவில் பத்தே நிமிடத்தில் நானே சரிசெய்த கோளாறுக்கு, போன வாரம் நான் எண்ணிக் கொடுத்த பணம். வயிறு எரிகிறது. இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

அருப்புக்கோட்டையில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஜாதகம், வினாத்தாள், பயோடேட்டா இதெல்லாம்தான் வேலை. இருப்பது ஒரே ஒரு நாலு டேங்க் இங்க்ஜெட் பிரிண்டர். போன மாதம் கடையை வேறு இடத்துக்கு மாற்றினோம். பிரிண்டரை ஆட்டோவில் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். வந்த மறுநாளே கோளாறு தெரிந்தது. ராசிக் கட்டத்தின் படுக்கைக் கோடெல்லாம் சுத்தமாக விழுகிறது, நெட்டுக் கோடு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி விலகி ஏணிப்படி மாதிரி இறங்குகிறது. எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு நிழல். ஜோசியர் ஐயா தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கட்டமே கோணலா இருந்தா பொண்ணு வீட்டுல எப்படிம்மா குடுக்கிறது?" என்று ஆறு ஜாதகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கே, கடைக்கே ஆள் அனுப்பும் சர்வீஸ் ஆப் ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். வந்த பையனுக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான், டீ குடித்தான், "அக்கா, உங்க பொழப்பு இதுலதான் ஓடுதுன்னு தெரியுது, நான் ஏமாத்த மாட்டேன்" என்றான். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். நாசில் செக் தாள் ஒன்று அடித்து (மை தெளிக்கும் பாகமான ஹெட்டின் துளைகள் எல்லாம் வேலை செய்கிறதா என்று படிப்படியான சின்னக் கோடுகளாகக் காட்டும் தாள்), ரோஸ் நிற வரிசையில் மேலிருந்து மூன்றாவது படியில் கோடு விட்டுப்போன இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினான். "ஹெட் போயிருச்சு அக்கா. கிளீனிங் குடுத்துப் பாக்குறேன், கேக்கலைன்னா மாத்தணும்." திரும்பத் திரும்ப கிளீனிங் கொடுத்ததில் நாலு டேங்கிலும் இங்க் கண்ணெதிரே இறங்கியது. கடைசியில் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போனான். நாலு நாள் கழித்துக் கொண்டுவந்து, ஒரு லெட்டர் அடித்துக் காட்டினான். பளிச்சென்று இருப்பதுபோலத் தெரிந்தது. 5,200 கொடுத்தேன். பழைய ஹெட் எங்கே என்று கேட்டதற்கு, "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் அக்கா" என்றான். நம்பினேன்.

அன்று சாயங்காலமே ஒரு ஜாதகம் அடித்தேன். அதே ஏணிப்படி.

போன் செய்தால், "பேப்பர் ஈரமா இருக்கும் அக்கா." மறுநாள், "இங்க் ஒரிஜினல்தானா?" அதற்கு அடுத்த நாளிலிருந்து எடுக்கவே இல்லை. ஆப்பில் புகார் எழுதினால் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று தானாக ஒரு பதில், கூடவே ஸ்டார் போடச் சொல்லி ஒரு கேள்வி. விடாமல் அழைத்ததில் ஒரு பெண் எடுத்தார். "ஹெட்டுக்குத்தான் 90 நாள் வாரண்டி மேடம், அலைன்மென்ட் அதுல வராது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அலைன்மென்ட் என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே அவர்கள் வாயால்தான். அப்படியென்றால் கோளாறு என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

தேடிப் படித்தேன். ஹெட் இடமிருந்து வலமாகப் போகும்போதும் அடிக்கிறது, திரும்பி வரும்போதும் அடிக்கிறது. இரண்டு தடவையும் மைத்துளி ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். தூக்கி இடம் மாற்றினால் இந்தக் கணக்கு கொஞ்சம் தவறிப்போகலாம். அப்போது நெட்டுக் கோடு உடையும், எழுத்துக்கு நிழல் விழும். ஹெட் அடைத்தால் வருவது வேறு, குறுக்கே வெள்ளை வரி வரியாகத் தெரியும். அலைன்மென்ட் கோளாறுக்கு எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் மை வீணாகி, கழிவு மையை உறிஞ்ச உள்ளே இருக்கும் வேஸ்ட் இங்க் பேடில்தான் சேரும்.

கம்ப்யூட்டரில் பிரிண்டர் செட்டிங்கைத் திறந்து, மெயின்டெனன்ஸ் பகுதியில் 'பிரிண்ட் ஹெட் அலைன்மென்ட்' என்பதை அழுத்தினேன். எண் போட்ட கட்டங்களாக ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு வரிசையிலும் கோடு விலகாத கட்டம் எது என்று பார்த்து அந்த எண்ணைக் கொடுத்தேன். இரண்டாவது தாளில் இன்னும் நெருங்கியது, மூன்றாவதில் கோடு நேராக நின்றுவிட்டது. இதற்கா 5,200?

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான். இப்போது ஒரு நாசில் செக் அடித்து, பையன் வட்டம் போட்ட பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பழைய தாளின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருந்ததால் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதே ரோஸ் வரிசை, மேலிருந்து அதே மூன்றாவது படி, அதே இடத்தில் அதே விடுபட்ட கோடு. புது ஹெட்டில் அச்சு அசலாக அதே துளையா அடைத்திருக்கும்? ஹெட்டை அவர்கள் தொடவே இல்லை!

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஆளைக் கூப்பிடும் முன் நாசில் செக், அலைன்மென்ட் இரண்டையும் நீங்களே அடித்துப் பாருங்கள். அந்தத் தாள்களைத் தேதி போட்டு வையுங்கள். பாகம் மாற்றினால் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிரிண்டரை வெளியே எடுத்துப்போக விடாதீர்கள். சரிசெய்து காட்டும்போது லெட்டர் வேண்டாம், கட்டம் போட்ட தாளை அடிக்கச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். இரண்டு நாசில் தாளையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஜோசியர் ஐயாவின் ஆறு ஜாதகத்தையும் இப்போதுதான் திரும்ப அடித்து முடித்தேன். கோடு நேராக இருக்கிறது.