ஆர்பிஎம் முள் ஆடினால் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்: பழைய பெட்ரோல் காருடன் என் அனுபவம்

என்னிடம் இருப்பது 2000-களின் தொடக்கத்தில் வந்த ஒரு பெட்ரோல் செடான். லட்சம் கிலோமீட்டர் தாண்டி வெகுகாலம் ஆகிறது. வாட்டர் பம்ப் ஒழுகியதால் புதிது போட்டோம்; தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இன்ஜின் சூடானதும் சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 800-க்கும் 1500-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏசி போட்டால் ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம்.

ஒர்க்‌ஷாப்பில் வழக்கமான வைத்தியம் நடந்தது. ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார்கள், வேக்குவம் குழாய்களைச் சோதித்தார்கள். முள்ளின் ஆட்டம் அப்படியேதான் இருந்தது. டெம்பரேச்சர் முள்ளும் நடுவில் சமர்த்தாக நின்றதால் கூலிங் பக்கம் யாருடைய கவனமும் போகவில்லை.

துப்பு கிடைத்தது டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து. காலையில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் உள்ளே களக் களக் என்று தண்ணீர் உருளும் சத்தம். சென்னையில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? அந்தத் திருகு வருடம் முழுக்க நீலப் பக்கத்திலேயே கிடக்கும். அதைச் சிவப்புக்குத் திருப்பிப் பார்த்தேன். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சூடில்லாத காற்றுதான் வந்தது. ரேஸ் கொடுத்தால் சூடாகும், காலை எடுத்தால் மறுபடி ஆறிவிடும். ஹீட்டருக்குச் சூடு தருவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்தான்; அதன் பாதையில் காற்று சிக்கியிருப்பதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான சோதனை கிடையாது.

காற்றுக்கும் ஐட்லிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் கார் வந்த காலத்து வண்டிகள் சிலவற்றில் த்ராட்டில் பாடிக்கு அடியில் ஒரு மெழுகு வால்வு இருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது திறந்து கூடுதல் காற்றை விட்டு ஆர்பிஎம்மை உயர்த்தும். சூடான கூலன்ட் சுற்றி வந்தால் மெழுகு விரிந்து மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் கூலன்ட்டுக்குப் பதில் காற்று நின்றால் வால்வு மூடாது. ஆர்பிஎம் ஏறும். இன்ஜின் சூடாகிவிட்டது, த்ராட்டிலும் மூடியிருக்கிறது, ஆனால் வேகம் அதிகம் என்று பார்க்கும் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்தும். வேகம் விழுந்ததும் மறுபடி கொடுக்கும். முள்ளின் ஆட்டம் இதுதான். டெம்பரேச்சர் சென்சார் காற்றுக்குள் மாட்டினாலும் இசியுவுக்குத் தப்பான கணக்கு போகும்.

காற்றை எடுக்க அடுக்ககத்தின் பார்க்கிங் சரிவே போதுமாக இருந்தது. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, முகப்பு மேலே பார்க்கிறமாதிரி நிறுத்தினேன். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் வாயில் உயரமான புனலைப் பொருத்தி, கூலன்ட்டை மெதுவாக ஊற்றினேன். சிக்கிய காற்றை வெளியே விடும் ப்ளீட் திருகை, குமிழி இல்லாமல் கூலன்ட் வடியும்வரை திறந்து வைத்துவிட்டு, பிறகு மூடி ஸ்டார்ட் செய்தேன். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட, புனலில் குமிழிகள் வந்தன. சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்த நொடியில் ஒரு பெரிய ஏப்பம். புனலின் மட்டம் சட்டென இறங்கியது. ஃபேன் இரண்டாவது தடவை ஓடி நிற்கும்வரை விட்டு, மறுநாள் காலை ரிசர்வ் டேங்கில் மீதியை நிரப்பினேன்.

இதற்கிடையில் மெக்கானிக், "தெர்மோஸ்டாட் எதுக்கு சார், நம்ம ஊர் வெயிலுக்கு? கழட்டிடலாம்" என்றார். கூடாது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. இசியு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் போகும். புது தெர்மோஸ்டாட்டையே போடச் சொல்லி, கூடவே புது ரேடியேட்டர் மூடியும் மாட்டினோம். அழுத்தம் தாங்காத மூடி கூலன்ட்டைச் சீக்கிரம் கொதிக்கவிடும். ஆறும்போது ரிசர்விலிருந்து திரும்ப இழுக்காமல் காற்றை உள்ளே விடும். போர் தண்ணீரை ஊற்றும் பழக்கத்துக்கும் அன்றே முழுக்கு. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

இரண்டு கோடைகள் ஓட்டியாகிவிட்டது. ஒருமுறை ஏற்காடு மலையும் ஏறி வந்தது. முள் 800-ஐ விட்டு அசைவதில்லை, ரிசர்வ் மட்டமும் கோட்டிலேயே நிற்கிறது. ஏசி போட்டால் வந்த நடுக்கம் மட்டும் காற்றை எடுத்ததால் போகவில்லை. அது வேறு கதை: இன்ஜின் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தது, மாற்றியதும் அடங்கியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காற்றை எடுத்த சில நாளிலேயே மறுபடி குமிழி வந்தால், கூலன்ட் குறைந்துகொண்டே போனால், ப்ளீட் செய்துகொண்டே இருக்காதீர்கள். இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த புகை கூலன்ட்டில் கலக்கலாம். ரேடியேட்டர் வாயில் எரிந்த புகை பட்டால் நிறம் மாறும் நீலத் திரவக் குழாயை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். திரவம் மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றும் வேலை.