மூத்தோர் கண் நோய் மேற்பயிற்சி: கடலோர விஷன் சென்டரில் எது கைகொடுக்கிறது, எது கொடுக்கவில்லை

படிப்பை முடித்து வேலையில் இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளுக்கு (மருத்துவர் அல்லாத கண் பரிசோதகர்கள்) கண்புரை, கிளாக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய்), முதுமையில் வரும் மேக்குலா (விழித்திரை மையம்) சிதைவு, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துத் தரும் மேற்பயிற்சி பற்றிய நீண்ட காலப் பயன்பாட்டுக் கருத்து இது. பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று ராமநாதபுரம் கடலோர விஷன் சென்டர்களில், அதாவது சிறு கண் பரிசோதனை மையங்களில், வேலை பார்க்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால், கிளாக்கோமாப் பகுதி ஒன்றுக்காகவே இதில் சேரலாம். கண்புரைப் பகுதியில் பாதி நேரம் வீண். மேக்குலாப் பகுதி நல்லதுதான், ஆனால் நம் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஓர் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரிட்டனில் கூடுதல் தகுதி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் மருந்துச் சீட்டே எழுதலாம். இங்கே கிளாக்கோமா சொட்டு மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் கண் மருத்துவரின் வேலை. ஆகவே இந்தப் பயிற்சி, நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கவும், எவ்வளவு அவசரம் என்று தரம் பிரித்து அனுப்பவும், அனுப்பியவரை விடாமல் தொடரவும்தான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கி.மீ. தேவையில்லாமல் ஒருவரை அனுப்பினால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். தேவையானவரை அனுப்பத் தவறினால் கண் போகும்.

கிளாக்கோமாவில் அன்றாடம் கைகொடுப்பது, கண்ணுள் நீர் வடியும் கோணம் குறுகியிருக்கிறதா என்று பார்க்கும் வான் ஹெரிக் முறை. ஸ்லிட் லேம்ப் (கண் பார்க்கும் நுண்ணோக்கி) ஒளியை 60 டிகிரியில் மெல்லிய கீற்றாக்கி, நெற்றிப்பொட்டுப் பக்கம் கருவிழியின் ஓரத்தில் விழவிட வேண்டும். கருவிழியின் தடிமனையும் அதன் பின்னால் தெரியும் இருண்ட இடைவெளியையும் ஒப்பிட வேண்டும். இடைவெளி தடிமனில் கால் பங்கோ அதற்கும் குறைவோ இருந்தால், கோனியோஸ்கோபி (கோணத்தை லென்ஸ் வைத்து நேரடியாகப் பார்க்கும் சோதனை) பார்க்காமல் கண்பாவையை விரிக்கும் சொட்டு போடக் கூடாது. புரை முற்றி லென்ஸ் பருத்த வயதான பெண்களிடம் இது அடிக்கடி தட்டுப்படும். புரை பார்க்கத்தானே வந்தார் என்று அவசரத்தில் சொட்டு விட்டால், மாலையில் கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்து, தலைவலி, வாந்தியுடன் திரும்பி வருவார். அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய கேஸ்.

கருவியைக் கண்ணில் தொடவைத்துக் கண் அழுத்தம் எடுப்பதில் பிழைகள் சின்னச் சின்ன இடங்களில் நுழைகின்றன. ஃப்ளூரசின் சாயம் அதிகமானால் கருவியில் தெரியும் பச்சை அரைவட்டங்கள் தடித்து அளவு கூடிக் காட்டும். குறைந்தால் குறைத்துக் காட்டும். இமையைப் பிடிக்கும் விரல் கண்ணை அழுத்தினாலும், நோயாளி மூச்சை அடக்கினாலும் கூடும். கடலோரத்தில் இன்னொன்றும் உண்டு. வெயிலிலும் உப்புக் காற்றிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணில் சதை வளர்ந்து கருவிழியை இழுத்து, சிலிண்டர் பவர் ஏறியிருக்கும். 3 டயாப்டருக்கு மேல் என்றால் கருவி முனையிலுள்ள பிரிஸத்தைக் கிடையாக ஒரு முறை, செங்குத்தாக ஒரு முறை வைத்து எடுத்துச் சராசரி போட வேண்டும். கருவி சரியாக இருக்கிறதா என்று சோதனைத் தண்டை வைத்து 0, 20, 60 மூன்று நிலைகளிலும் மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. 2 மி.மீ. பாதரச அளவைத் தாண்டி விலகினால் சர்வீஸ் முடியும்வரை அந்தக் கருவியைத் தொட வேண்டாம்.

பார்வை நரம்புத் தட்டைப் பற்றி ‘கப் விகிதம் 0.7’ (தட்டில் நடுக்குழியின் பங்கு) என்று மட்டும் எழுதி அனுப்புவது பழைய வழக்கம். தட்டின் அளவு சேராத விகிதத்துக்குப் பொருளில்லை. 90 டயாப்டர் லென்ஸில் ஒளிக்கீற்றைத் தட்டின் உயரத்துக்குச் சுருக்கி, அளவுகோலில் வரும் எண்ணை 1.3-ஆல் பெருக்கினால் உயரம் கிடைத்துவிடும். பெரிய தட்டில் 0.7 இயல்பாக இருக்கலாம். சின்னத் தட்டில் 0.5 கூட நோயாக இருக்கலாம். பயிற்சியின் மதிப்பு இந்த ஒரு பழக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பயிற்சி தொடாத பகுதி, நோயாளி மருந்து விடுகிறாரா என்பது. லட்டனோப்ரோஸ்ட் என்ற கிளாக்கோமா சொட்டு மருந்தின் 2.5 மி.லி. பாட்டில், இரண்டு கண்ணுக்கும் இரவுக்கு ஒரு சொட்டு வீதம் விட்டால் ஐந்தாறு வாரத்தில் தீர்ந்துவிடும். இரண்டு மாதம் கழித்து வருகிறவரின் பாட்டிலில் மருந்து மிச்சம் இருந்தால் அவர் ஒழுங்காக விடவில்லை என்று அர்த்தம். ‘விடுறீங்களாய்யா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரவுக் கடலுக்குப் போகிறவரிடம் ‘படுக்கப் போகும்போது’ என்று சொல்வதில் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு, அவர் கரையில் இருக்கும் ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொடுங்கள். டிமோலால் என்ற சொட்டு விடுகிறவரிடம் இளைப்பு உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கண்புரைக்கு வகுப்பில் நிறங்களையும் எண்களையும் வைத்துத் தரம் பிரிக்கக் கற்றுத்தருவதில் நேரம் போகிறது. களத்தில் அதைவிட முக்கியமானவை வேறு. ‘வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே வலை பொத்துறேன்’ என்று பெரியவர் மகிழ்ச்சியாகச் சொன்னால், லென்ஸின் உட்கரு இறுகி மைனஸ் பவர் ஏறுகிறது என்று பொருள். தூரப் பார்வையைச் சோதியுங்கள். சொட்டு போடும் முன்பு டார்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்துப் பாவைச் சுருக்கத்தைப் பாருங்கள். எவ்வளவு முற்றினாலும் வெறும் புரையால் அந்தக் கண் இந்தச் சோதனையில் குறை காட்டாது. காட்டினால் பின்னால் நரம்போ விழித்திரையோ கெட்டிருக்கிறது. அறுவைக்குப் பின் முழுப் பார்வை வரும் என்று உறுதி கொடுத்துவிடக் கூடாது. பாவை விளிம்பில் பொடுகு போல வெள்ளைத் துகள் தெரிந்தால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். அந்தக் கண்ணில் பாவை சரியாக விரியாது, லென்ஸைத் தாங்கும் இழைகள் வலுவிழந்திருக்கும், அழுத்தமும் ஏறும். அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியது இது.

விசைப்படகுக்காரர்களுக்கு அறுவைத் தேதி குறிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம்தான் தோது. பாசி எடுக்க முங்கும் பெண்களிடம், மருத்துவர் அனுமதிக்கும்வரை கடலில் இறங்கக் கூடாது என்பதைத் தனியாக, வீட்டார் முன்னிலையில் சொல்ல வேண்டும்.

மேக்குலாவுக்கு, கோடுகள் வளைந்து தெரிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கும் ஆம்ஸ்லர் கட்டத் தாளைக் கொடுத்தனுப்புவார்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 30 செ.மீ. தூரத்தில், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும். இரு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும்; தவறு பெரும்பாலும் இங்கேதான். தாள் தொலைந்துபோகும். வீட்டு ஜன்னல் கம்பியை அதே போல ஒற்றைக் கண்ணால் தினமும் பார்க்கப் பழக்கினால் அது நிலைக்கிறது. கம்பி திடீரென வளைந்து தெரிந்தால் அடுத்த முகாம்வரை காத்திருக்காமல், அந்த வாரத்திலேயே விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊசி சிகிச்சையில் தாமதத்தால் இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது. விட்டமின்-ஜிங்க் மாத்திரைகள் எல்லாருக்கும் உரியவை அல்ல. மேக்குலாவில் இடைநிலைப் படிவுகள் உள்ளவருக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவருக்கும்தான் பயன். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு பீட்டா கரோட்டின் சேர்ந்தது கூடாது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும்.

சர்க்கரைப் பகுதி போதுமானது. ஆண்டுக்கொரு விழித்திரைப் படம் எடுக்க, மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்குகிறவர்களிடமிருந்து தொடங்கலாம்.

கருவிப் பராமரிப்பு பாடத்திட்டத்திலேயே இருப்பதில்லை. இந்த ஈரக் காற்றில் 90 டயாப்டர் லென்ஸிலும் ஸ்லிட் லேம்ப் உள்ளேயும் பூஞ்சை படரும், படம் மங்கும், புரை கூடியதாகத் தோன்றும். லென்ஸைத் துணிப்பையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள்.

சேருமுன் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோனியோஸ்கோபியை உண்மையான நோயாளிகளிடம், மருத்துவர் பக்கத்தில் நின்று திருத்தும்படி செய்யவிடுவார்களா? வீடியோவில் மட்டும் பார்த்தவர்கள் லென்ஸை அழுத்திப் பிடித்து, மூடிய கோணத்தைத் திறந்ததாகப் படித்துவிடுகிறார்கள். பயிற்சி முடிந்த பின், நாம் அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் என்ன கண்டார் என்ற பதில் நமக்குத் திரும்பி வருமா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம்.